சாய்ந்து நிற்கலாம்

கர்ட்டன் அக்காவின் தம்பியை ஹைகோர்ட் ஜட்ஜாகப் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி துணிக்கடையின் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்ததும், அங்கே வேலை பார்த்த பெண்கள் செய்த முதல் காரியம் உட்கார்ந்ததுதான். இரண்டு பேர் மெத்தை விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தலையணைக் குவியலில் சரிந்தாள். துண்டுகள் விற்கிற பெண் தரையிலேயே காலை நீட்டிவிட்டாள். அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு ஜன்னல் திரை அளந்துகொண்டிருந்தாள், பாதியில் விடமுடியாது.

சூபர்வைசர் வந்தார், பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் நான்கு பேருக்கும் அன்றே கணக்கு முடித்திருப்பார். அன்றைக்கு அக்காவைப் பார்த்து, "ஜட்ஜய்யாவுக்கு நம்ம கடை சார்பா வாழ்த்துச் சொல்லிருங்க" என்றார். அந்த "ங்க" அக்காவின் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் "ங்க". பிறகு மற்ற பெண்கள் பக்கம் திரும்பி, போதும் போதும் என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கடையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. ஆள் வந்தாலும் சரி, ஈ ஓட்டினாலும் சரி. உட்கார்ந்திருக்கிற பெண் விற்கிற துணி பழையதாகத் தெரியும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. இதனால் அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு கயிறு முறுக்கினாற்போல் எழும்பியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு முதுகு போய்விட்டது. "உன் முதுகையும் என் காலையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்" என்பார்.

தம்பி படித்தது அக்கா நின்ற நிற்பில்தான். அதை அவன் மறக்கவில்லை. வக்கீலாகிக் கறுப்புக் கோட்டு மாட்டியதும் முதல் வேலையாக, விற்பனைப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் வேண்டும் என்று அக்காவின் கடை மேலேயே தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். விசாரணைக்கு ஒரு ஸ்டூலைத் தோளில் சுமந்துகொண்டு போய் ஜட்ஜுக்கு எதிரே போட்டு, "இந்த நாலு கால் கிடைச்சா எங்க ரெண்டு காலு பிழைச்சுக்கும்" என்றான். அன்றிலிருந்து ஊருக்கே அவன் ஸ்டூல் வக்கீல். ஆலை வாசலில், பஸ் டிப்போவில், ஆஸ்பத்திரி வளாகத்தில், எங்கே கூட்டம் நடந்தாலும் ஸ்டூல் வக்கீலைக் கூப்பிடுவார்கள். அவனும் அதே ஸ்டூலின் மேல் ஏறி நின்று பேசுவான். பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்தால் அதற்குத் தண்டனை என்று பேர், கடையில் நிற்க வைத்தால் அதற்கு வேலை என்று பேரா என்று கேட்பான். கூட்டம் கைதட்டி ஓயாது.

தொழிலாளர் கோர்ட்டில் ஜெயித்துவிட்டார்கள். கவுன்ட்டருக்கு ஒரு ஸ்டூல் என்று தீர்ப்பு. கடையும் ஸ்டூல்களை வாங்கிவிட்டது. அவற்றை மாடிக்கு ஏற்றுவதற்குள் முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார். ஸ்டூல்கள் பிளாஸ்டிக் உறையோடு மாடிப்படிக்கு அடியில் போயின. வழக்கு ஹைகோர்ட்டில் தூங்கியது. அதைப் பற்றிக் கேட்டால் தம்பி, "அங்க உக்காந்திருக்கறவங்கள்ல ஒருத்தர்கூட வாழ்க்கையில நின்னதில்லக்கா. நின்னவங்க வீட்டுல இருந்து ஒருத்தன் அங்க போய் உக்காரணும். அன்னிக்குத்தான் விடியும்" என்பான்.

இப்போது அவனே போய் உட்காரப்போகிறான். மூன்றாவது மாடி ஏன் உட்கார்ந்தது என்று புரிந்திருக்கும்.

டிரைவருக்கு மட்டும் சந்தேகம். ஸ்டூல் வக்கீலை அந்த நாற்காலிக்கு மேலே இருக்கிறவர்களே எதற்காகக் கூப்பிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். "எஞ்சின் ரொம்ப சத்தம் போட்டா எங்க டிப்போவுல ரோட்டுல விட மாட்டாங்க. உள்ள கொண்டுபோய் நல்லா பெயின்ட் அடிச்சு நிறுத்திருவாங்க" என்றார். அக்கா, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பஸ்ஸாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

பதவியேற்பு விழாவுக்கு அக்காவுக்கும் டிரைவருக்கும் அழைப்பட்டை வந்திருந்தது. அதில் "உறவினர் – பொது" என்று போட்டிருந்தது. "உறவினர் – சிறப்பு" என்று வேறு ஒன்று உண்டாம், அது தம்பி பெண்டாட்டியின் பக்கத்துக்குப் போயிற்று. சிறப்புக்கு நாற்காலி, பொதுவுக்குச் சுவரோரம். அக்கா பழகினவள், நின்றுவிட்டாள். டிரைவர்தான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

தலைமை நீதிபதி வரவேற்றுப் பேசினார். "இந்த மேடையில் ஏறுகிற மனிதன் தன் கருத்துகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறான். நானும் அப்படித்தான் வந்தேன். வரும்போது எனக்கும் சில கருத்துகள் இருந்தன என்று சொல்கிறார்கள். இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அவை எனக்குத் தேவைப்படவில்லை. அவை என்னவென்றே இப்போது நினைவில்லை" என்றார். சபை கரவொலி செய்தது.

அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த நீதிபதி, முன்பு முதலாளிகள் சங்கத்துக்கு வக்கீலாக இருந்தவர். துணிக்கடைக்கு அந்தத் தடையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் வாசலில் எதையும் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லையாம். அவரிடம் இருந்தது கருத்து அல்லவாம், சட்டமாம். பக்கத்தில் நின்ற ஒரு குமாஸ்தா இதை டிரைவருக்கு விளக்கினார்.

கடைசியில் தம்பி எழுந்தான். கூட்டம் அடங்கியது. அடங்கியும் ஒன்றும் காதில் விழவில்லை. ஆலைச் சங்கையும் தாண்டிக் கேட்ட குரல், மைக் வைத்தும் மூன்றாவது வரிசையோடு நின்றுவிட்டது. மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் அவன் என்ன பேசினான் என்று தெரிந்தது. நேற்றுவரை எனக்குக் கருத்துகள் இருந்தன, இந்தக் கணத்திலிருந்து இல்லை, உடம்பே லேசாக இருக்கிறது என்று பேசியிருந்தான். சபை மரியாதைக்காகச் சொல்லியிருப்பான் என்று அக்கா நினைத்தாள். புதுப் பெண் மாமியார் வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

ஜட்ஜ் பங்களாவுக்கு முதல்முறை போனபோது வாசலில் புரோட்டோகால் ஆபீசர் ஒருவர் அவளை நிறுத்தி, உறவுமுறை கேட்டார். அக்கா என்றாள். கூடப் பிறந்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் சுருங்கியது. கூடப் பிறந்தவர்களால்தான் நடுநிலைக்கு அதிகம் ஆபத்து வருகிறது என்றார். இனிமேல் தம்பியை வா போ என்று கூப்பிடக் கூடாது, அதற்காக உறவையும் விட்டுவிட வேண்டியதில்லை, "மாண்புமிகு தம்பி அவர்கள்" என்று கூப்பிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார். அக்கா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே தம்பி படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகர், வெள்ளிப்பூண் தடியோடு "உஷ்... உஷ்..." என்று வழி விலக்கிக்கொண்டு வந்தார். வழியில் இருந்தது தம்பி பெண்டாட்டி மட்டும்தான். அவள் ஒதுங்கி நின்றாள். அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட இப்போதெல்லாம் பதில் வருவதில்லை என்று முணுமுணுத்தாள். "சமைச்ச தரப்பையும் கேக்கணும், சாப்பிட்ட தரப்பையும் கேக்கணும்கிறார் அண்ணி. கேட்டுட்டு, தீர்ப்பை ஒத்தி வெச்சிடறார்."

சாப்பிடும்போது அக்கா கடைப் பேச்சை எடுத்தாள். தம்பி கையை உயர்த்தினான். அது நிலுவையில் உள்ள வழக்காம். சரி, மழை பெய்ய மாட்டேன் என்கிறதே என்றாள். அணை வழக்கு நிலுவையில் இருந்தது. விலைவாசியைச் சொன்னாள். அதற்கும் ஒரு வழக்கு. கடைசியில் இரண்டு பேரும் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்பளம் பற்றி வழக்கு ஏதும் இல்லை என்று புரோட்டோகால் ஆபீசர் பார்த்துச் சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது தம்பி அவனாகவே ஒரு விஷயம் சொன்னான். ஹைகோர்ட் நீதிபதிகளுக்கு ஊரின் பெரிய கிளப்பில் இலவசமாகச் சேர்க்கை உண்டு. காலையில் அங்கே நடக்கப் போகிறான். துணிக்கடை முதலாளியும் அங்கேதான் நடக்கிறார். "நாம நெனச்ச மாதிரி ஆளு இல்லக்கா. ரொம்பத் தன்மையானவர். அவருக்கும் மூட்டு வலி. ரெண்டு ரவுண்டு வந்தா உக்காந்துடறார், பாவம்."

அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் டிரைவர், பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாளில் துணிக்கடை வழக்கு தம்பியின் அறைக்கே விசாரணைக்கு வந்தது. பெண்கள் முறை வைத்து லீவு போட்டுவிட்டுப் போனார்கள். கோர்ட்டில் பொதுமக்களுக்கு நாற்காலி இல்லை, பின்சுவரோரம் நின்றார்கள். தம்பி வந்து உட்கார்ந்தான். அந்த நாற்காலியின் முதுகு அவன் தலைக்கு மேல் இன்னும் ஒரு ஆள் உட்காரலாம் போல உயர்ந்திருந்தது. உட்கார்ந்தவன், இந்த வழக்கைத் தன்னால் விசாரிக்க முடியாது என்றான். ஒரு காலத்தில் இதே வழக்கில் வாதாடியவன், தவிர வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் தன் உடன்பிறப்பு, ஆகவே தன் மனசாட்சி தன்னை விலகச் சொல்கிறது என்று மனசாட்சியைப் பற்றியே வெகுநேரம் பேசினான். வக்கீல்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் படத்தோடு போட்டார்கள்.

வழக்கு முதலாளிகள் சங்கத்து வக்கீலாக இருந்த நீதிபதியிடம் போயிற்று. அவரும் இதே வழக்கில் ஆஜரானவர்தானே என்று யாரோ கேட்டார்கள். தான் ஆஜரானது கடைக்காக அல்ல, ஒரு கோட்பாட்டுக்காக, கோட்பாடு தனக்கு உடன்பிறப்பு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் அவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு செருப்புக் கடையிலும் இதே ஸ்டூல் பிரச்சினை கிளம்பி, அந்த வழக்கு தம்பியிடம் இருந்தது. அதில் என்ன முடிவாகிறதோ அதுவே துணிக்கடைக்கும் என்று எழுதிவிட்டார்.

இது தெரிந்ததும் மூன்றாவது மாடி மறுபடி மலர்ந்தது. தம்பியின் சாமர்த்தியம் அப்போதுதான் விளங்கியது. அக்கா வழக்கில் தீர்ப்புச் சொன்னால் அக்காவுக்காகச் சொன்னான் என்பார்கள். செருப்புக் கடைக்குச் சொன்னால் யார் வாயைத் திறக்க முடியும்? என்ன மூளை, என்ன மூளை என்று தலையணை விற்கிற பெண் மாய்ந்து போனாள். அக்காவும் அப்படித்தான் நம்பினாள். அன்று வீட்டில் காலைச் சுவரில் தூக்கி வைக்கவே இல்லை.

தீர்ப்பு வாசிக்கிற அன்று அக்கா செருப்புக் கடைப் பெண்களோடு பின்சுவரில் நின்றாள். இந்த முறை தம்பியின் குரல் நன்றாகக் கேட்டது.

"நிற்பது மனிதனின் இயல்பு. மரங்கள் நிற்கின்றன. மலைகள் நிற்கின்றன. எந்த மரமும் இதுவரை இந்த நீதிமன்றத்தை நாடி ஸ்டூல் கேட்டதில்லை. உட்காரும் உரிமை என்று ஒன்றை ஒப்புக்கொண்டால், நாளைக்குப் படுக்கும் உரிமை கேட்டு வருவார்கள். துணிக்கடை வழக்கில் கீழ்க்கோர்ட் இதையெல்லாம் ஆராயாமல், ஒரு வழக்கறிஞரின் ஸ்டூல் நாடகத்தில் மயங்கித் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கறிஞர் சட்டத்தைவிடக் கைதட்டலை அதிகம் விரும்பியவராகத் தெரிகிறது. அவர் யார் என்பதற்குள் இந்த நீதிமன்றம் போக விரும்பவில்லை."

அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற பெண், யாரைச் சொல்கிறார் என்று கேட்டாள். அக்கா, ஒருவேளை தம்பிக்கு உடம்பு சரியில்லையோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"ஆயினும் இந்த நீதிமன்றத்தின் நெஞ்சு கல் அல்ல" என்று தம்பி தொடர்ந்தான். "வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், சுவரின் பெயின்டுக்குச் சேதம் வராத வகையில், பெண் ஊழியர்கள் சாய்ந்து நிற்கலாம். எவ்வளவு சாய்வது என்பதை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு வரையறுக்கும்."

குழு துணிக்கடைக்கு வந்தது. உறுப்பினர்கள் வாடிக்கையாளர்களுக்கான மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்து பழச்சாறு குடித்தார்கள். தச்சர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கோணமானியை எடுத்து, பெண்களை ஒவ்வொருத்தராகச் சுவரில் சாயச் சொல்லி அளந்தார்கள். எந்தச் சாய்வில் முழங்கால் மடங்குகிறதோ அந்தச் சாய்வு சட்டத்தின் பார்வையில் உட்காருவதே ஆகும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சொன்னார். சொன்னவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். தூங்குவதற்கு வரையறை எதுவும் கேட்கப்படாததால் யாரும் எழுப்பவில்லை.

அந்த மாடியில் அலமாரி இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான், லிஃப்டுக்குப் பக்கத்தில். சூபர்வைசர் அதில் "சாயும் இடம்" என்று பலகை மாட்டினார். ஒரு நேரத்தில் ஒருத்தி. மற்றவர்கள் சாய்வதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டூல்களின் உறையைக் கிழித்து மேலே கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர்கள் பையைத் தரையில் வைத்தால் அழுக்காகிவிடுகிறதல்லவா, அதற்கு வசதியாக இருந்தது.

அக்கா பங்களாவுக்குப் போனாள். இந்த முறை மாண்புமிகு எல்லாம் போடவில்லை. தம்பி ஆபீசரையும் டவாலியையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஏன் தம்பி இப்படி எழுதின?"

"எழுதினது நான் இல்லக்கா. கோர்ட்."

"கை உன்னோடதுதான?"

"கை என்னோடது. கருத்து என்னோடது இல்ல."

"அப்ப ஸ்டூல் மேல ஏறி நின்னு பேசினதெல்லாம்?"

"அது வக்கீல் பேசினது. வக்கீல்னா கட்சிக்காரன் சொல்றதப் பேசறவன். அதப் போய் என் கருத்துன்னு எடுத்துக்கலாமா?"

"அந்தக் கட்சிக்காரி நாந்தான்டா. நான் உன்கிட்ட வழக்குப் போடவே சொல்லலியே. நீயா என் காலப் பாத்துட்டுப் போட்ட."

தம்பி, கால் இப்போது எப்படி இருக்கிறது என்று பழைய குரலில் கேட்டான். அக்கா குனிந்து காட்டப் போனாள். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"காட்டாதக்கா. நான் பாத்தா அது சாட்சியமாயிடும்."

அப்புறம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ரகசியமாகச் சொன்னான். இதற்கும் மேலே இருக்கிற கோர்ட்டில் ஒரு இடம் காலியாகப் போகிறது. அவன் பெயரும் பரிசீலனையில் இருக்கிறது. இந்த நேரத்தில் ஸ்டூல் அது இது என்று எழுதினால் பழைய ஆள்தான் என்பார்கள். "அங்க மட்டும் போயிட்டேன்னு வெய்யி, அப்புறம் என்னை எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்பப் பாரு நான் எழுதறத. கொஞ்சம் பொறுத்துக்க." வக்கீலாக இருந்தபோது ஜட்ஜ் ஆகட்டும் என்று சொன்ன அதே மாதிரிதான் இதையும் சொன்னான். முழுக்க நம்பித்தான் சொன்னான். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பாள்.

மேல்கோர்ட் கிடைக்கவில்லை. அங்கே இருந்த யாருக்கோ ஸ்டூல் ஞாபகம் இருந்ததாம். கோட்பாட்டு நீதிபதிதான் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். தம்பி இன்னும் கொஞ்சம் மரங்களையும் மலைகளையும் பற்றி எழுதிப் பார்த்தான். ஆலைக்காரர்கள் ஊர்வலம் போவது நடைபாதையின் மனதைப் புண்படுத்தும் என்று எழுதினான். ஆஸ்பத்திரி நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தால் நோய்கள் ஏமாற்றம் அடையும் என்று எழுதினான். ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா பங்களாவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இப்படியே அவனுக்கு வயதாகி, ஓய்வு பெற்றான்.

ஓய்வு பெற்ற மறு வாரமே ஊர் முழுக்கச் சுவரொட்டி. "உட்காரும் உரிமை – சிறப்புக் கூட்டம்." பேசுபவர், ஓய்வுபெற்ற நீதிபதி. கடைப் பெண்கள் எல்லோரும் போனார்கள். போகலாமா வேண்டாமா என்று யோசித்து அக்காவும் போனாள். மண்டபம் நிரம்பிவிட்டதால் பின்னால் நின்றார்கள்.

வாசலில் கழற்றி வைத்தது அத்தனையும் ஒரு தூசு தும்பில்லாமல் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது போலிருந்தது. அதே குரல், அதே கை வீச்சு. மைக்கே தேவைப்படவில்லை. "பொம்பளைங்களை மரத்தோட ஒப்பிட்டு ஒரு தீர்ப்பு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? செருப்புக் கடைத் தீர்ப்பு. நம்ம நீதித்துறைக்கே அது ஒரு கறை. சாஞ்சு நிக்கலாமாம். அதக் கோணமானி வெச்சு அளப்பாங்களாம். அத எழுதினவரு வாழ்க்கையில ஒரு நாளாவது கால் கடுக்க நின்னிருப்பாரா?" என்று கேட்டான். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அக்காவின் காதோரம் குனிந்து, அந்தப் பாவி யார் என்று கேட்டாள். அக்கா மேடையைக் காட்டினாள். மேடையில் பின்வரிசையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் எட்டி எட்டிப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்ததும் தம்பி நேராக அக்காவிடம்தான் வந்தான். முகமெல்லாம் வியர்வை, சின்ன வயதில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிவிட்டு ஓடிவந்த மாதிரி ஒரு சிரிப்பு. எப்படி இருந்தது என்று கேட்டான். நன்றாக இருந்தது என்றாள் அக்கா. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தீர்ப்பை இப்போது மாற்ற முடியுமா என்று கேட்டாள். அது எப்படி முடியும், அது கோர்ட்டின் தீர்ப்பு, நான் இன்றைக்கு ஒரு தனி மனுஷன் என்றான்.

"சரி. நாங்க திருப்பியும் ஒரு கேஸ் போடறோம். நீயே வந்து எங்களுக்காக வாதாடறியா?"

"எனக்கு ஆசைதான். ஆனா முடியாதுக்கா. ரிட்டயர் ஆன ஜட்ஜு அவரு இருந்த கோர்ட்டுலயே வக்கீலா நிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"நிக்கக் கூடாதா?"

"ஆமா. நிக்கக் கூடாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புடைத்த காலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கோணமானிக்கு அடங்காத அளவுக்குச் சாய்ந்து சிரித்தாள். தம்பிக்கு எதற்கென்று புரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா இதை மற்ற பெண்களிடம் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது.

மறுநாள் மதியம், கும்பல் ஓய்ந்த நேரம். அக்கா ஒரு திரைத்துணிச் சுருளைக் கீழே உருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இதற்காக யாரும் கூட்டம் போடவில்லை, திட்டம் போடவில்லை. அவள் உட்கார்ந்ததைப் பார்த்துத் தலையணைப் பெண் உட்கார்ந்தாள், அவளைப் பார்த்துத் துண்டு விற்கிறவள். சூபர்வைசர் ஓடிவந்தார். என்ன அக்கா இது என்றார். கால் வலிக்கிறது என்றாள் அக்கா. அதைவிட நல்ல காரணம் அவளுக்குத் தோன்றவில்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள். பெண்கள் உட்கார்ந்தபடியே துணியை மடியில் விரித்துக் காட்டினார்கள். வந்தவர்களும் எதிரே உட்கார்ந்து ஆற அமரப் பேரம் பேசினார்கள். துணி யாருக்கும் பழையதாகத் தெரியவில்லை.

தள்ளுபடி விற்பனை நடக்கிற மாதம். ஒரு மாடி ஆட்களை மொத்தமாக வெளியே அனுப்ப முடியாது. முதலாளி மூட்டு வலியோடு நேரே ஹைகோர்ட்டுக்குப் போனார். பெண்களின் வழக்கு அத்தனை வருஷம் தூங்கிய அதே கட்டிடத்தில் முதலாளியின் வழக்கு ஒரு கொட்டாவிகூட விடவில்லை. கோட்பாட்டுத் தலைமை நீதிபதி, செருப்புக் கடைத் தீர்ப்பை மேற்கோள் காட்டி, பெண்கள் உடனே எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தத் தீர்ப்பை எழுதிய மாண்புமிகு நீதிபதி அண்மையில் பொதுக்கூட்டத்தில் பேசியது அவருடைய சொந்தக் கருத்து, கருத்து வேறு, சட்டம் வேறு என்றும் அதில் இருந்தது.

உத்தரவை நிறைவேற்ற ஒரு அமீனா வந்தார். வயசான மனிதர், வற்றலான உடம்பு. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று கீழே தடுத்துவிட்டதால் மூன்று மாடியும் படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. உத்தரவை முழுக்க அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகும் எழுந்திருக்காதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் அவர் வேலை. பெண்கள் யாரும் அசையவில்லை. அக்கா, வேலை போனால் டிரைவரின் பென்ஷனை வைத்து எப்படி ஓட்டுவது என்று கணக்குப் போட்டபடி, சுருளைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அமீனா மாடியின் நடுவில் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். உத்தரவு தடியாக இருந்தது. நிற்பது மனிதனின் இயல்பு என்று வாசித்தார். மரங்களை வாசித்தார். மலைகளுக்கு வரும்போது இடது காலை மாற்றி வலது காலில் நின்றார். படுக்கும் உரிமைக்கு வரும்போது மறுபடி இடது காலுக்கு வந்தார். பக்கத்தில் துணி அடுக்கிய அலமாரி, பிடித்துக்கொள்ள இடம் இல்லை. வாசிப்பை நிறுத்தி, இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று விரலால் புரட்டிப் பார்த்தார். அவர் கால்சட்டைக்குக் கீழே கணுக்கால் வீங்கியிருந்ததை அக்கா கவனித்தாள்.

அவள் சுருளில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினாள்.

அமீனா சூபர்வைசரைப் பார்த்தார். சூபர்வைசர் ஜன்னலைப் பார்த்தார். அமீனா மெல்ல வந்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து தானாக ஒரு "அப்பாடா" வந்தது. அதன் பிறகு எச்சிலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, பெண்கள் ஏன் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதற்கான மீதிக் காரணங்களை எல்லாம், ஒரு வரி விடாமல், உட்கார்ந்தபடியே வாசித்து முடித்தார்.